மழையென்றால் முப்பத்தைந்து

பொன்னுத்துரையிடம் தூரம் கேட்டால் நேரம் சொல்வார். நடுவட்டத்திலிருந்து ஊட்டி எவ்வளவு தூரம் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்பவா? ஒண்ணே கால்" என்பார். அதே ஊட்டி ஆடி மாதத்தில் இரண்டாகிவிடும். மே மாத சீசனில் சுற்றுலாக் கார்கள் மலையை அடைத்துக்கொள்ளும்போது மூன்றாகிவிடும். கேட்பவருக்கு ஊட்டி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நடமாடுகிறதோ என்று சந்தேகம் வரும்.

இதில் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மலையில் பாதிப்பேர் அப்படித்தான். எதிர்ச்சரிவில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவனை இங்கிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவான். அவனிடம் போய்ச் சேர அரை நாள் வேண்டும். கூப்பிடு தூரம் என்று கீழ்நாட்டில் சொல்வது இங்கே செல்லாது. கிலோமீட்டர் என்பது மைல்கல்லுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் மட்டும் வேண்டிய சங்கதி என்று பொன்னுத்துரை ஐம்பத்திரண்டு வருஷம் நினைத்திருந்தார். அந்த நினைப்புதான் போன வருஷம் அவருடைய பிழைப்பில் கைவைத்தது.

ஆளைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. குட்டை. ஆனால் தோள் மட்டும் இரண்டு ஆளுக்குச் சேர்த்துச் செய்தது போல அகலம். இடது கையில் சுண்டுவிரலின் நுனி இல்லை. கேட்டால் "மொத வருசப் பாடம்" என்று சிரிப்பார். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்தபோது அவர் கைக்குழந்தை. அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறையும் கிடைத்தன. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது தோட்டத் துரைக்கு முன்னால் கையைக் கட்டி நிற்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லி வளர்த்தார். அந்தப் பாடம் மகனுக்கு விரலை வெட்டிக்கொள்ளாமலேயே நன்றாகப் பதிந்துவிட்டது.

தொழில், மழைக்காலத்தில் சாலையில் விழும் மரங்களை அறுத்து வழிவிடுவது. நடுவட்டத்தில் பிரிந்து பாறைமட்டம் வரை போகிற பதினான்கு கிலோமீட்டர் கிளைச்சாலை அவருடையது. அவருடையது என்றால் பட்டா போட்டதல்ல. பத்தொன்பது வருஷமாக நெடுஞ்சாலைத் துறை ஒவ்வொரு வருஷமும் உள்ளூரில் விலை கேட்டு அவருக்கே வேலையைக் கொடுத்துவந்தது. அந்தச் சாலைக் கோடியில் மூன்று லயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி, நாளுக்கு இரண்டு நடை பஸ். தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் சீகை மரமும் வேரோடு சரிந்து சாலையின் குறுக்கே படுத்துக்கொள்ளும். ஒரு மரம் படுத்தால் மூன்று லயமும் தனித் தீவு.

பொன்னுத்துரை மரம் அறுக்கும் விதத்தை ஊரில் வேடிக்கை பார்ப்பார்கள். விழுந்த மரம் செத்த மரம் என்று நினைக்கிறவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான். சரிவில் பாதி, சாலையில் பாதி என்று கிடக்கிற மரத்துக்குள் பாரம் எங்கோ அழுந்திக் கிடக்கும். தப்பான பக்கத்தில் வாளை வைத்தால் மரம் எகிறி ஆளைப் பள்ளத்தில் தள்ளும். அவர் சங்கிலிவாள் மிஷினை உடனே முடுக்க மாட்டார். மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். "எந்தப் பக்கம் வலிக்குது உனக்கு?" என்று கேட்பார். மெதுவாகத்தான் கேட்பார், ஆனாலும் கூட வேலை செய்கிற காளிமுத்துவுக்குக் கேட்டுவிடும், அவன் மூலமாக ஊருக்கும் கேட்டுவிடும். அந்தக் கிண்டலோடு இன்னொரு கணக்கும் ஊரில் உண்டு: பத்தொன்பது வருஷத்தில் அவருடைய ஆறு ஆட்களில் ஒருவனுக்கும் காயமில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. மரத்தை அறுத்து ஓரமாக அடுக்கி, வண்டிகள் எல்லாம் போன பிறகு, சீகைக் கொப்பு ஒன்றை ஒடித்து ரோட்டில் கிடக்கிற மரத்தூளைப் பெருக்கிவிட்டுத்தான் கிளம்புவார். ஈரத்தில் மரத்தூள் வழுக்கும், இரண்டு சக்கர வண்டிக்காரன் விழுவான் என்பது அவர் கவலை. இதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அறுத்த மரத்தில் ஒரு சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அது சர்க்கார் மரம்.

"ஊரு மரத்தையெல்லாம் அறுக்கறவரு ஊட்டுல வெந்நி வெக்கச் சுள்ளி கெடையாது. இதச் சொன்னா எங்க அன்னூர்ல சிரிப்பாங்க" என்பாள் அவர் மனைவி செல்வி. முப்பது வருஷமாகச் சொல்கிறாள். அவர் முப்பது வருஷமாகக் காஸ் சிலிண்டர் வாங்கிக் கொடுக்கிறார்.

போன வருஷம் தை மாதம் அந்தத் துறை முறையை மாற்றியது. உள்ளூரில் விலை கேட்பது இனிக் கிடையாது, டெண்டர்தான். அதுவும் இரண்டு உறை. முதல் உறையில் ஆள், இயந்திரம், அனுபவம், இருப்பிடம் என்று தகுதியைப் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். அறுபது எடுத்தவருடைய இரண்டாவது உறையைத்தான், அதாவது விலையைத்தான், பிரிப்பார்கள். எடுக்காதவர் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் உறை பிரிக்காமலே திரும்பிவிடும். முறை என்னவோ நல்ல முறைதான். ஓட்டை வாளும் ஒட்டுப்போட்ட வண்டியுமாக வந்து விலையைக் குறைத்துப் பிடிக்கிறவர்களைத் தள்ளிவைக்க வந்த முறை.

நடுவட்டம் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற கெஸியாதான் அவருக்குக் கம்ப்யூட்டரில் டெண்டர் போட்டுக் கொடுத்தாள். படிவத்தை அச்செடுத்து, அவர் கையால் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அவர் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பினார். நடுவில் ஒரு கட்டம், "கொட்டகையிலிருந்து பணியிடத்தின் தொலைவு" என்று இருந்தது. பக்கத்தில் கிலோமீட்டர் என்றோ வேறென்னவென்றோ எதுவும் இல்லை. கொட்டகை என்பது அவர் வீட்டை ஒட்டி மிஷின் வைக்கிற இடம். பணியிடம் என்பது சாலையின் நடு, ஏழாவது கல். பொன்னுத்துரை யோசிக்கவே இல்லை. '20. மழையென்றால் 35' என்று எழுதினார். மழையில்தானே மரம் விழும்? எதற்கும் இரண்டையும் எழுதிவிட்டதில் அவருக்கு ஒரு திருப்தி. கெஸியா கரண்ட் போவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் படித்துப் பார்க்கவில்லை.

பங்குனியில் பதில் வந்தது. கெஸியா அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். அவர் இருமுறை படித்தார். மொத்த மதிப்பெண் ஐம்பத்திரண்டு. தகுதி பெறவில்லை. விலை உறை பிரிக்கப்படாது.

"என் வயசையே மார்க்காப் போட்டிருக்காங்க" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது? இரண்டு மிஷின், ஒரு பழைய பிக்கப், ஆறு ஆள், பதினான்கு கிலோமீட்டர் ரோடு. இதுதான் அவர். ரோடு போனால் மற்றதெல்லாம் தானாகப் போகும். ஆறு பேரும் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ கிளம்பிவிடுவார்கள்.

கெஸியா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். தொலைவு என்ற வரியில் பூஜ்யம். பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்தால் இருபது மதிப்பெண், இருபதுக்குள் என்றால் பத்து, அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை என்பது விதி. அதன்கீழே 'ஒப்பந்ததாரர் அளித்த தொலைவு: 35 கி.மீ.' என்று எழுதியிருந்தது.

"அண்ணே, முப்பத்தஞ்சுன்னா எழுதுனீங்க? உங்க கொட்டகையிலிருந்து ஏழாவது கல்லு ஏழு கிலோமீட்டர்தானே?"

"ஏழுதான். நான் எழுதுனது நிமிசம்."

கோபித்துக்கொள்வதா அழுவதா என்று கெஸியாவுக்குத் தெரியவில்லை. பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். முதலிடம் ஒரு கம்பெனிக்கு, எண்பத்து நான்கு மதிப்பெண். அவர்களுடைய கொட்டகை கீழே, கூடலூர் பக்கத்துப் பள்ளத்தில். தொலைவு ஆறு கிலோமீட்டர், மதிப்பெண் இருபது.

"கூடலூர்ப் பள்ளத்திலிருந்து ஆறா? பறந்து வருவாங்களா?" என்றாள்.

பள்ளத்திலிருந்து பாறைமட்டத்துக்கு வேறு வழியே கிடையாது. கொண்டை ஊசிகளில் ஏறி இருபது கிலோமீட்டர் நடுவட்டத்துக்கு வர வேண்டும், பொன்னுத்துரையின் வீட்டைத் தாண்ட வேண்டும், அதற்குப் பிறகு ஏழு. ஆனால் கம்ப்யூட்டர் வரைபடத்தில் கோடு இழுத்தால் ஆறுதான் வரும். வரைபடத்துக்கு மலையும் பள்ளமும் ஒன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காய்க்கு இருபது மார்க் கிடைத்திருந்தது.

"பத்து நாளுக்குள்ள அப்பீல் போடலாம்ணே. டெண்டர்லயே போட்டிருக்கு. இன்னிக்கே எழுதறேன்."

பொன்னுத்துரை பின்கழுத்தைத் தடவினார். ஐந்து டன் மரத்துக்கு அடியில் தலையைக் கொடுக்கிற மனிதர், ஒரு முழுநீளத் தாளுக்குப் பயந்தார். "வேணாம்மா. தப்பு எம் பேர்ல. ஆபீசருங்க போட்டது போட்டதுதான். அவங்களப் போயி தப்புன்னு சொல்றதா?"

செல்வியிடம் அன்று திட்டு வாங்கினார். ஏழு நாள் இப்படியே போயிற்று. அவர் காலையில் எழுந்து கொட்டகைக்குப் போவார், ஓடாத மிஷினுக்கு எண்ணெய் விடுவார், சங்கிலியை அரத்தால் தீட்டுவார், திரும்பி வருவார்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு புத்தம்புதுப் பிக்கப் அவர் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. கதவில் அந்தக் கம்பெனியின் பெயர் பச்சை எழுத்தில் இருந்தது. டிரைவர் தலையை நீட்டினான். மலையேறி வந்த வண்டியிலிருந்து சூடான கிளட்ச் நாற்றம் அடித்தது.

"சேட்டா, பாறைமட்டம் ரோடு எவ்விட திரியணும்? மேப்புல இங்கேயே உண்டுன்னு காட்டுது. காலைல ஒம்பது மணிக்கு முன்னாடி கிளம்பியதாக்கும்."

பொன்னுத்துரை எழுந்து போய் வழி சொன்னார். சும்மா சொல்லவில்லை. "சர்ச் தாண்டி எடது கையில திரும்புப்பா. மூணாவது கல்லுகிட்ட ரோடு உள்வாங்கியிருக்கு, ஓரங்கட்டாத. அஞ்சாவது கல்லுக்கு மேல ஒரு கற்பூர மரம் சாஞ்சு நிக்குது, அடியில வண்டிய நிறுத்தாத. வர்ற மழைக்கு அது வந்துரும்" என்று எல்லாவற்றையும் சொன்னார். டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்குள்ளிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி வெளியே வந்தாள். "ஏனுங்க, பொழப்பப் புடுங்கிட்டுப் போறவனுக்கு வழியும் சொல்லி, குழி எங்கன்னும் சொல்லி அனுப்பறீங்களா?"

"அந்தப் பையன் என்ன பண்ணுவான்? குழியில விட்டா சாவான்ல?" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டி போன திசையையே பார்த்தார். அவருக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிட்டால் உட்காரவிடாது. வெயில் நாளில் இத்தனை நேரம். மழையில், அந்த மரம் விழுந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் அந்தப் பக்கம் எத்தனை நேரம் காத்துக் கிடப்பார்கள்? தனக்கு ரோடு போகிறது என்று மட்டும் ஒரு வாரமாக வருந்திக்கொண்டிருந்தோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கெஸியாவின் கடைக்கு நடந்தார்.

"எழுதும்மா" என்றார்.

கெஸியா எழுதியதில் 'முறைகேடு' என்று ஒரு சொல் இருந்தது. அதை எடுக்கச் சொன்னார். 'உள்நோக்கத்துடன்' என்பதையும் எடுக்கச் சொன்னார். "யாரு உள்நோக்கத்த நாம பாத்தோம்?" அதற்குப் பதிலாகத் தன் தப்பை முதல் வரியில் எழுதச் சொன்னார். '35 என்று நான் எழுதியது நிமிடம். கிலோமீட்டர் அல்ல.'

"அண்ணே, நம்ம வாயாலயே ஒத்துக்கிட்டா அதையே புடிச்சுக்குவாங்க."

"சொல்லலேன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கெஸியா அதையே முதல் வரியாகத் தட்டினாள்.

விசாரணை சித்திரை கடைசியில், ஊட்டியில். பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். பொன்னுத்துரை எட்டரைக்கே போய் வராந்தாவில் நின்றார். கல்யாணச் சட்டை போட்டிருந்தார். முப்பது வருஷத்துச் சட்டை தோளில் இறுகியது. கெஸியா கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்திருந்தாள்.

மேல்முறையீட்டைக் கேட்கிற அதிகாரியின் பெயர் ஸ்வேதா. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. மேசையில் கோப்பும் கோப்பின் மேல் கண்ணாடியும். எதிரே மதிப்பெண் போட்ட உதவிப் பொறியாளர் கணேசன். கெட்டவர் இல்லை, நாற்பது டெண்டரை ஒரு மாதத்தில் முடிக்கச் சொன்னால் எந்த நல்லவரும் செய்கிற அளவுக்குத்தான் அவரும் செய்திருந்தார். பக்கத்தில் கம்பெனிக்காரர் பாலகுமார், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

கணேசன் தெளிவாகப் பேசினார். "மேடம், அவர் தானா எழுதிக் கொடுத்த எண் முப்பத்தஞ்சு. டெண்டர் பிரிச்ச பிறகு ஒப்பந்ததாரர் எதையும் திருத்தக் கூடாதுன்னு விதி. ஒருத்தருக்குத் திருத்த விட்டா எல்லாருக்கும் விடணும்."

அது நியாயமான பேச்சு. கெஸியாவின் முகம் விழுந்துவிட்டது. ஸ்வேதா தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு பொன்னுத்துரையைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அவர் எழுந்தார். கை தானாகக் கட்டிக்கொண்டது. பெரட்டுக் களத்தில் நிற்கிற அப்பா கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். இந்த மனிதருக்கு மரம் என்றால் மட்டும்தான் பேச்சு வரும் என்று கெஸியா நினைத்த நேரத்தில், அவர் கட்டிய கையைப் பிரித்து, வலது உள்ளங்கையை மேசை விளிம்பில் வைத்தார்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"இந்த சாரு வண்டி பாறைமட்டத்துக்குப் போகணும்னா எங்க ஊட்டுக்கு முன்னாடிதாங்க போகணும். வேற ரோடு இல்லைங்க. போன மாசம்கூட அந்தத் தம்பி எங்கிட்டத்தான் வழி கேட்டுட்டுப் போச்சு. எங்க ஊட்டத் தாண்டிப் போறவங்க எங்கள விடக் கிட்ட இருக்க முடியுங்களா?"

ஸ்வேதா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்படியா?" என்று பாலகுமாரைக் கேட்டார்.

பாலகுமார் பொய் சொல்லியிருக்கலாம், வரைபடத்தைக் காட்டி வளைத்துப் பேசியிருக்கலாம். "ஆமாங்க மேடம். அந்த ஒரு வழிதான். ஆறுங்கறது எங்க ஆபீஸ்ல மேப் பார்த்துப் போட்டது" என்றார். பொன்னுத்துரை அவரைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். எதற்கு என்று அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை.

ஸ்வேதா கோப்பைத் திருப்பினார். "சார், ஆறு கிலோமீட்டர்னு கம்பெனி எழுதினதை நீங்க மேப்பில் சரிபார்த்திருக்கீங்க. இங்க டிக் இருக்கு. இவர் எழுதின முப்பத்தஞ்சையும் பார்த்தீங்களா?"

"இல்லைங்க மேடம். தூரத்தைக் குறைச்சு எழுதித்தான் ஏமாத்துவாங்க. கூட்டி எழுதி யாரும் தன்னையே ஏமாத்திக்க மாட்டாங்களேன்னு..."

அறையில் முதலில் சிரித்தது பாலகுமார்தான். பிறகு கெஸியா. பொன்னுத்துரை மட்டும் சிரிக்கவில்லை. சார் சொல்வதும் நியாயந்தானே என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒருத்தரோட எண்ணைச் சரிபார்த்துட்டு, இன்னொருத்தரோடதை அப்படியே எடுத்திருக்கோம். கட்டத்தில் கிலோமீட்டர்னும் போடலை, ரோட்டு வழியான்னும் போடலை. அது நம்ம தப்பு. அவர் திருத்த வேண்டாம். நாம அளப்போம், ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல" என்றார் ஸ்வேதா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அரசாங்கம் அதை ஒரு ஜீப்பை அனுப்பி நிறைவேற்றியது.

அடுத்த வாரம் ஜீப் கூடலூர்ப் பள்ளத்திலிருந்து கிளம்பியது. கணேசனே முன்சீட்டில், கையில் நோட்டு. நடுவட்டத்தில் பொன்னுத்துரையின் வீட்டு வாசலுக்கு வந்தபோது மீட்டரில் இருபது ஏறியிருந்தது. செல்வி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "சார், ஒரு வா டீ குடிச்சிட்டுப் போங்க. இன்னும் ஏழு இருக்குது, பாவம்" என்றாள். குத்திக் காட்டினாளா உபசரித்தாளா என்று தெரியாது. அவளிடம் இரண்டும் ஒரே குரலில்தான் வரும். கணேசன் இறங்கி டீ குடித்தார். ஏழாவது கல்லில் மீட்டர் இருபத்தேழு காட்டியது. திரும்பி வந்து கொட்டகையிலிருந்து அளந்தார்கள். ஏழு.

பொன்னுத்துரைக்கு எழுபத்திரண்டு, கம்பெனிக்கு அறுபத்து நான்கு. இரண்டு விலை உறைகளையும் எல்லோர் முன்னிலையிலும் பிரித்தார்கள். கம்பெனி விலை கூடுதலாக இருந்தது. ஏன் என்று பார்த்தால், தினமும் மலையேறி வருகிற டீசலையும் சேர்த்திருந்தார்கள், இருபத்தேழு கிலோமீட்டருக்கு. மதிப்பெண்ணுக்கு ஆறு, டீசலுக்கு இருபத்தேழு! பாலகுமார் தலையில் அடித்துக்கொண்டார். போகும்போது பொன்னுத்துரையின் கையைப் பிடித்து, "அண்ணா, கூடலூர் ரோட்டு வேலை எங்ககிட்டதான் இருக்கு. பெரிய மரம் வந்தா உங்களக் கூப்பிடறேன், வருவீங்களா?" என்று கேட்டார்.

"மழையா இல்லாட்டி நாப்பது" என்றார் பொன்னுத்துரை.

வேலை உத்தரவு வந்த அன்று காளிமுத்து கொட்டகையைக் கழுவிவிட்டான். செல்வி பாயசம் வைத்தாள், காஸ் அடுப்பில்தான். கெஸியா துறையின் புதிய படிவத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினாள். அடுத்த டெண்டரிலிருந்து அதுதான். 'சாலை வழித் தொலைவு (கி.மீ.)' என்று ஒரு கட்டம். அதன்கீழே புதிதாக இன்னொரு கட்டம்: 'மழைக்காலத்தில் சென்றடையும் நேரம் (நிமிடம்).' பொன்னுத்துரை அந்த இரண்டாவது கட்டத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. அப்பா இருந்திருந்தால் இதைக் காட்டியிருக்கலாம் என்று செல்வியிடம் சொன்னார். துரையிடம் எதிர்க்கேள்வி கேட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பி வந்தவர் எவரையும் அப்பா பார்த்ததில்லை.

ஆனி பதினாறாம் நாள் அந்தக் கற்பூர மரம் விழுந்தது, ஐந்தாவது கல்லுக்கு மேல், அவர் சொன்ன அதே மரம். மத்தியானம் இரண்டு மணி. மழை வானத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் இடமே விடவில்லை. பொன்னுத்துரை வேறொரு மரத்துக்காக நடுவட்டத்துக்கு இந்தப் பக்கம் ஊட்டி ரோட்டில் நின்றிருந்தார். போன் அடித்தது. கணேசன்.

"பொன்னுத்துரை, நான் பாறைமட்டத்திலிருந்து திரும்பி வந்துட்டிருந்தேன், முன்னாடி மரம் விழுந்துடுச்சு. பின்னால ஆஸ்பத்திரி வண்டி நிக்குது, உள்ள ஒரு பிரசவக் கேஸ். நீங்க எவ்வளவு தூரத்தில் இருக்கீங்க?"

"முப்பத்தஞ்சுங்க சார்."

கணேசன், "சரி, வாங்க" என்றார். முப்பத்தைந்து என்ன என்று கேட்கவில்லை.

பிக்கப் போய்ச் சேர்ந்தபோது கணேசன் குடையோடு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். பொன்னுத்துரை இறங்கி, மரத்தின் மேல் கையை வைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, என்னவோ கேட்டார். காளிமுத்து மிஷினை முடுக்கினான். பதினைந்து நிமிஷத்தில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வழி பிறந்தது. ஆஸ்பத்திரி வண்டி உறுமிக்கொண்டு தாண்டிப் போனது. உள்ளே ஒரு பெண் முனகுவது கண்ணாடி வழியாகக் கேட்டது. அன்று சாயந்திரம் ஆண் குழந்தை என்று செய்தி வந்தது.

கணேசன் தன் ஜீப்பில் ஏறப் போனவர், நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பத்தஞ்சுன்னீங்க. நீங்க வந்து சேர முப்பத்தொண்ணுதான் ஆச்சு."

"நடுவுல மழ கொஞ்சம் விட்டுச்சுங்க சார்" என்றார் பொன்னுத்துரை, தப்புச் செய்துவிட்டவர் போல. பிறகு ஓரத்தில் ஒரு சீகைக் கொப்பை ஒடித்து, ரோட்டில் கிடந்த மரத்தூளைப் பெருக்க ஆரம்பித்தார். கணேசன் குடையை மடித்து ஜீப்பில் போட்டுவிட்டு, அவரும் ஒரு கொப்பை ஒடித்தார்.